வயித்துக்கு கேப்ஸ்யூல், பர்ஸுக்குப் பேதி

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. என்ஜினியரிங் முடிச்சுட்டு பொட்டி தட்டிப் பிழைக்கும் ஆசாமி. ஆனால் மாத்திரை அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கு என்று படிக்க எம்.பி.பி.எஸ். தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

டிஸ்கி 2: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வாங்க.

இப்பல்லாம் ஆபீஸ்ல எவனாவது ஒருத்தன் "டீ குடிச்சாலே வயிறு கடமுடாங்குது மச்சி"ன்னு வாயைத் திறந்தால் போதும். நாலு பேர் சுத்தி நின்னு நாலு பிராண்டு பேர் சொல்கிறார்கள். "உனக்கு லாக்டோஸ் இன்டாலரன்ஸ்டா. குடல்ல நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சு. தினம் ஒரு புரோபயாட்டிக் போடு, அப்புறம் பாலை அண்டா அண்டாவா குடிக்கலாம்." சொல்கிறவன் ஜாவா டெவலப்பர். கேட்கிறவன் டெஸ்டர். ரெண்டு பேருக்கும் பாடம் எடுத்தவர் முப்பது வினாடி ரீல்ஸில் வந்த ஒரு சிக்ஸ்பேக் அண்ணாச்சி. கீழே டிஸ்கவுன்ட் கோடு வேற!

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பால் ஒத்துக்காதவனுக்கு தினசரி புரோபயாட்டிக் மாத்திரை விற்பது, பெரும்பாலும் நோயே இல்லாதவனுக்கு மருந்து விற்கிற வேலை. நிஜமாவே நோய் இருக்கிறவனுக்கு விற்றால் அது அதைவிட மோசம், அவனோட நேரத்தைத் திருடுகிற வேலை. ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் மேட்டருக்கு வருவோம்.

இது நோயா, சாமி?

பாலில் இருக்கும் சர்க்கரைக்குப் பேர் லாக்டோஸ். அதை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று ரெண்டா உடைக்கிற நொதிதான் லாக்டேஸ். சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கிறது. பால்குடிக் குழந்தைக்கு இது நிறைய இருக்கும். பால் மறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா குறையும். பூனைக்கும் அப்படித்தான், மாட்டுக்கும் அப்படித்தான், மனுசனில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான். வளர்ந்த பிறகும் லாக்டேஸ் குறையாமல் இருப்பதுதான் விதிவிலக்கு. ஆடுமாடு வளர்த்துப் பால் குடிச்சுப் பழகின சில கூட்டங்களில் கடந்த பத்தாயிரம் வருசத்துக்குள் பரவின மரபணு மாற்றம் அது. ஐரோப்பியர்களிடம் இருக்கிற அந்த மாற்றம் எது என்று 2002-ல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

2017-ல் வந்த ஒரு உலகளாவிய தொகுப்பாய்வின் கணக்குப்படி பெரியவர்களில் சுமார் 68 சதவீதம் பேருக்கு லாக்டோஸ் முழுசா செரிக்காது. நம்ம ஊர்க் கதை? 1981-ல் வந்த ஆய்வு ஒன்றில் வட இந்தியர்களில் சுமார் 27 சதவீதம், தென்னிந்தியர்களில் சுமார் 66 சதவீதம். அதாவது மூணு தமிழனில் ரெண்டு பேருக்கு இப்படித்தான். மெஜாரிட்டியை நோயாளி என்று அறிவிச்சுட்டு அவனுக்கே மாத்திரை விற்பது எவ்வளவு பெரிய வியாபார மூளை பாருங்க. நாளைக்கே "உங்களுக்குக் கருப்பு முடி, இது ஒரு குறைபாடு"ன்னு ஒரு ரீல்ஸ் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொண்ணு. செரிக்காது என்பது வேறு, ஒத்துக்காது என்பது வேறு. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகும்போது தண்ணியை இழுக்கும். அங்கே இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வெச்சு ஹைட்ரஜன் மாதிரி வாயுக்களை உண்டாக்கும். உப்புசம், சத்தம், சில சமயம் பேதி எல்லாம் இதனாலதான். (மூச்சில் ஹைட்ரஜன் அளந்து பார்க்கிற சோதனையும் இதை வெச்சுத்தான்.) ஆனால் எவ்வளவு போகுது என்பதுதான் விசயமே. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2010-ல் கூட்டிய நிபுணர் குழு, 12 கிராம் லாக்டோஸை ஒரே நேரத்தில் சாப்பிட்டாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் லேசாத்தான் ஆகும் என்று சொன்னது. 12 கிராம்னா ஒரு பெரிய கப் பால், சுமார் 240 மில்லி. உங்க ஃபில்டர் காபியில் 100 மில்லி பால் இருந்தால் லாக்டோஸ் வெறும் 5 கிராம்தான்.

1995-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. "எனக்குப் பாலே ஆகாது, ஒரு வாய் குடிச்சாலும் செத்தேன்" என்று சொன்ன 30 பேரைப் பிடித்தார்கள். ஒரு வாரம் சாதா பால், ஒரு வாரம் லாக்டோஸ் உடைத்த பால், தினம் ஒரு கப். எது எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ரெண்டு வாரத்துக்கும் தொந்தரவில் பெரிய வித்தியாசமே இல்லை. அந்த 30 பேரில் லாக்டோஸ் ஒழுங்காச் செரிக்கிறவர்களும் சிலர் இருந்தார்கள் என்பதுதான் உச்சகட்ட காமெடி!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டப்பாவில் "50 பில்லியன்" என்று பெருசாப் போட்டிருப்பான். நம்ம கணக்கில் 5,000 கோடி பாக்டீரியா. கேட்கவே கிறுகிறுன்னு இருக்கும். ஒரு மனுச உடம்பில் இருக்கிற மொத்த பாக்டீரியா எவ்வளவு? 2016-ல் வெளியான மதிப்பீட்டின்படி சுமார் 38 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்க. நீங்க முழுங்கின படை, உள்ளே இருக்கிற ஜனத்தொகையில் 760-ல் ஒரு பங்கு. அதிலும் வயித்து அமிலத்தைத் தாண்டி எத்தனை உயிரோடு போகும் என்பது தனிக்கதை.

அதைவிட முக்கியமான டிசைன் கோளாறு ஒன்று இருக்கு. லாக்டோஸ் உடைய வேண்டிய இடம் சிறுகுடல். பாக்டீரியா கூட்டம் கூட்டமா குடியிருக்கிற இடம் பெருங்குடல். காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மில்க் ஷேக். ரெண்டும் எந்த ஸ்டாப்பில் சந்திச்சுக்கும்?

சரி, ஆய்வுகள் என்ன சொல்லுது? 2005-ல் பத்து சோதனைகளைத் தொகுத்து ஒரு ஆய்வு வந்தது. சிலதில் பலன், சிலதில் இல்லை, சிலதில் கலவை. மொத்தத்தில் பொதுவாக உதவும் என்று சொல்ல முடியாது என்றார்கள். 2010-ல் நான் மேலே சொன்ன அமெரிக்கக் குழுவும் ஆதாரம் போதாது என்றது. பிறகு வந்த ஆய்வுகளில் சில குறிப்பிட்ட ரகங்கள் ஓரளவு உதவுது என்று இருக்கு, இல்லைங்கலை. ஆனால் அந்த "குறிப்பிட்ட" என்ற வார்த்தையில்தான் மொத்த மோசடியும் ஒளிஞ்சிருக்கு. பாக்டீரியாவில் பேரினம், சிற்றினம், அதுக்குக் கீழே ரகம் என்று உண்டு. ஒரு ரகத்தில் கிடைச்ச பலனை இன்னொரு ரகத்துக்கு மாத்திச் சொல்ல முடியாது. ஒரு ராமசாமி நல்லா பாடினார் என்பதற்காக ஊரில் இருக்கிற அத்தனை ராமசாமிக்கும் சபாவில் சான்ஸ் கொடுப்பீங்களா?

நம்ம மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் என்ன கிடைக்கும்? கையில் சிக்கினது. ஒன்றில் பேசில்லஸ் வித்து. இன்னொன்றில் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட். அந்த ஈஸ்ட்டுக்கு லாக்டோஸை உடைக்கிற நொதியே கிடையாது! பேதிக்கு டாக்டர் எழுதித் தருகிற சரக்கு அது. அதைப் பால் ஒத்துக்காததுக்கு விற்பது, தலைவலிக்கு செருப்பு விற்கிற மாதிரி. சில டப்பாக்களில் "லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்" என்று போட்டிருக்கும். அது காலாவதியான தப்புப் பேர். உள்ளே இருப்பது லாக்டோபேசில்லஸே இல்லை, பேசில்லஸ் கோயாகுலன்ஸ். சரக்கோட பேரையே ஒழுங்கா எழுதாதவன் சரக்கு வேலை செய்யும் என்று சொல்றான், நாமளும் நம்பறோம்.

சில மாத்திரைகளில் நிரப்பியாக லாக்டோஸையே போடுவாங்க தெரியுமா? ரொம்பக் கொஞ்சம்தான், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சும்மா தகவலுக்கு. :)

ஜெயிச்சது யாரு? தயிர்தான்

ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புரோபயாட்டிக் கம்பெனிகள் வரிசை கட்டி நின்றன. "குடலுக்கு நல்லது, எதிர்ப்புச் சக்திக்கு நல்லது" என்று விண்ணப்பம் மேல விண்ணப்பம். பெரும்பாலும் தூக்கிப் போட்டார்கள். 2010-ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒன்று எது தெரியுமா? யோகர்ட்டில் உயிரோடு இருக்கிற ரெண்டு பாக்டீரியா, அதே யோகர்ட்டில் உள்ள லாக்டோஸ் செரிக்க உதவும் என்பதுதான். கிராமுக்கு குறைஞ்சது 10 கோடி இருக்கணும் என்று நிபந்தனை. நல்லா கவனிங்க, மாத்திரைக்கு இல்லை. பால் புளிச்ச பண்டத்துக்கு!

காரணம் ரொம்ப எளிமை. பாலைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா பிழைக்கணும்னா லாக்டோஸை உடைச்சே ஆகணும். அதுக்கான நொதி அதுகிட்ட இருக்கு. தயிராகும்போதே கால்வாசி லாக்டோஸ் போயிடும். மிச்சத்தோட பாக்டீரியாவும் சேர்ந்தே சிறுகுடலுக்குப் போய், அங்கே பித்தநீரில் அடிபட்டு நொதியை வெளியே விடும். தயிர் கெட்டியா இருப்பதால் குடலில் மெதுவாவும் நகரும். 1984-லேயே அமெரிக்க டாக்டர்கள் "தயிர் தன்னைத்தானே செரித்துக்கொள்ளும்" என்ற பொருளில் தலைப்பு வெச்சு கட்டுரை எழுதிட்டாங்க. இந்தப் பாக்டீரியா குடலில் குடியேறணும் என்ற அவசியம்கூட இல்லை. சரக்கும் ஆளும் ஒரே பஸ்ஸில் போறாங்க, அவ்வளவுதான் ரகசியம்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஆய்வெல்லாம் குறிப்பிட்ட ரெண்டு பாக்டீரியா போட்ட யோகர்ட்டை வெச்சு நடந்தது. நம்ம வீட்டு உறைமோர் வீட்டுக்கு வீடு மாறும், எண்ணி ஸ்டிக்கர் ஒட்டி வராது. ஆனால் புளிக்குதுன்னாலே லாக்டோஸ் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். மோராக்கினா தண்ணி சேர்ந்து ஒரு டம்ளரில் இருக்கிற அளவு இன்னும் குறையும். மோர்க்குழம்பு வெச்சால் கொதியில் பாக்டீரியா காலி, ருசி மட்டும்தான் மிச்சம். ஆறின சோத்தில் பிசைஞ்ச தயிர் சாதம் ஓகே.

இந்த இடத்தில் நம்ம பாரம்பரியக் கோஷ்டி விசிலடிக்க ஆரம்பிக்கும். "பார்த்தியா, எங்க முன்னோர்கள் முட்டாளில்லை"ன்னு வாட்ஸப்பில் அடுத்த ஃபார்வர்டு ரெடி பண்ணும். அண்ணே, கொஞ்சம் உட்காருங்க. பழைய சோறு சாப்பிட்டால் பால் செரிக்கும் என்று நீங்க பரப்பறதும் இதே ரகப் புருடாதான். நீராகாரத்தில் பாலும் இல்லை, பால் சர்க்கரையும் இல்லை. ருசிக்கு சாப்பிடுங்க, நானும் சின்ன வெங்காயம் கடிச்சு சாப்பிடுவேன். அதுக்கு அறிவியல் முத்திரை குத்தாதீங்க. கேப்ஸ்யூல்காரன் டப்பாவில் அடைச்சு விற்கிறதை நீங்க பெருமையில் அடைச்சு விற்கறீங்க.

அட்டையைத் திருப்பிப் பாருங்க

நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் இந்த மாதிரி சமாச்சாரங்களுக்கு விதிமுறை போட்டது. தினம் சாப்பிடற அளவில் குறைஞ்சது 10 கோடி உயிருள்ள கிருமி இருக்கணும். அதோட துணை உணவாக விற்கிற டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட்டே ஆகணும். முன்பக்கம் சிரிக்கிற வயித்துப் படம், "உப்புசத்துக்கு குட்பை". பின்பக்கம் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. ஒரே டப்பாவில் குற்றமும் ஒப்புதல் வாக்குமூலமும்!

உடனே ஒருத்தர் வருவார். "எனக்கு வேலை செஞ்சுதே பாஸ், அதுக்கு என்ன சொல்றீங்க?" சொல்றேன். என் ரூம்மேட் ஒருத்தன் மாத்திரை ஒன்று 25 ரூபாய் என்று தினம் போட்டான். மாசம் 750, வருசத்துக்கு 9,000 ரூபாய் கணக்கு. அதே நேரத்தில் ஆபீஸ் மெஷினில் தினம் அஞ்சு டீ. அந்த மெஷினில் ஊத்தறது பிரீமிக்ஸ். ஆடை நீக்கின பால் பவுடரில் பாதி எடை லாக்டோஸ்தான் மக்கா! ஜிம்முக்கு வேற போவான். அங்கே குடிக்கிற வே புரோட்டீன் பவுடர், அதுவும் சாதா கான்சென்ட்ரேட் ரகம்னா, அதிலும் லாக்டோஸ் உண்டு. ரெண்டு மாசம் ஒரு மாற்றமும் இல்லை. மூணாவது மாசம் வீட்டிலிருந்தே வேலை என்று ஆச்சு. மெஷின் டீயும் போச்சு, ஜிம்மும் போச்சு. வயிறு அடங்கிடுச்சு. பயபுள்ள என்ன சொன்னான் தெரியுமா? "பார்த்தியா, மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு."

ஒரே ரிலீஸில் ரெண்டு மாற்றம் பண்ணிட்டு, எது பக்கை சரி பண்ணுச்சுன்னு சொன்னால் நம்ம லீடு ஒத்துப்பாரா? கோடுக்குக் காட்டற கறாரை வயித்துக்கும் காட்டுங்கப்பா.

இன்னொருத்தர் கேட்பார், "ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா போயிடுமே, அதுக்காச்சும் போடலாமா?" அந்த நேரத்தில் வர்ற பேதிக்கு சில ரகங்கள் உதவும் என்று ஆய்வுகள் இருக்கு. டாக்டர் அதுக்குன்னு எழுதினால் சாப்பிடுங்க. ஆனால் "குடலைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும்" என்கிற வசனம் தப்பு. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மேன் நிறுவனத்தார், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களில் ஒரு சிறு குழுவை வெச்சுப் பார்த்தார்கள். புரோபயாட்டிக் போட்டவர்களுக்கு சொந்த பாக்டீரியா திரும்பி வர, ஒன்றுமே போடாதவர்களைவிட தாமதமாச்சு. விருந்தாளி போய் உட்கார்ந்துகிட்டு வீட்டுக்காரனை உள்ளே விடலை!

அப்ப என்னதான்யா பண்றது?

காசில்லாத வழிகள் நிறைய இருக்கு. ரெண்டு வாரம் பால், மெஷின் டீ, பால்கோவா, ஐஸ்க்ரீம், பவுடர் எல்லாத்தையும் நிறுத்துங்க. தொந்தரவு அடங்குதான்னு பாருங்க. அடங்கினால் கொஞ்சம் கொஞ்சமா திரும்பச் சேர்த்து உங்க எல்லை எது என்று கண்டுபிடிங்க. வெறும் வயித்தில் பால் வேணாம், சாப்பாட்டோட குடிங்க. தினம் சின்ன அளவில் குடிச்சிட்டு வந்தால் பெருங்குடலில் இருக்கிற உங்க சொந்த பாக்டீரியாவே பழகிக்கும், வாயு குறையும். இலவச டிரெயினிங். நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. பன்னீரில் பாலைவிடக் குறைவு. மாத்திரைதான் வேணும் என்று அடம்பிடித்தால் லாக்டேஸ் நொதி மாத்திரை இருக்கு, பாலோட சேர்த்துப் போட்டால் வேலை செய்யும். அமுல் மாதிரி ஆட்கள் லாக்டோஸ் நீக்கின பாலே விற்கறாங்க. பாலே வேணாம்னா கேப்பை, எள்ளு, கீரை, நெத்திலிக் கருவாட்டில் கால்சியம் இருக்கு.

பாலை நிறுத்தியும் அடங்கலைன்னா பிரச்சினை பால் இல்லை. சாம்பாரில் இருக்கிற பருப்பும் வெங்காயமும்கூட வாயு கிளப்பும். இல்லை வேற ஏதாவது. அந்த "வேற ஏதாவது"தான் எனக்குக் கோபம் வர்ற இடம்.

எங்க பெரியப்பாவுக்குப் போன வருசத்துக்கு முந்தின வருசம் அடிக்கடி வயித்து வலி, பேதி. ஊர் மெடிக்கலில் கேட்டிருக்கார். "வயசானால் பால் ஒத்துக்காது சார்"னு அட்டை அட்டையா புரோபயாட்டிக். அப்புறம் வெளியூரில் இருக்கிற மகன் ஆன்லைனில் பெரிய டப்பாவா வாங்கி அனுப்பிச்சான். ஏழு மாசம்! அதுக்குள்ள 9 கிலோ இறங்கிட்டார். சாயங்காலமானால் லேசா காய்ச்சல். "குடல் சுத்தமாகுது, அப்படித்தான் இருக்கும்" என்று அதுக்கும் ஒரு வீடியோ விளக்கம் சொல்லுச்சு. கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் உள்ளே கேமரா விட்டு சதை எடுத்துப் பார்த்தால் குடல் காசநோய். ஆறு மாசம் மாத்திரை, அரசாங்கமே இலவசமா கொடுத்தது, இப்ப நல்லா இருக்கார். குணமாகக்கூடிய வியாதிதான். ஆனால் அந்த ஏழு மாசத்தை யார் திருப்பிக் கொடுப்பா? விற்றவனுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. அவன்தான் பின்பக்கம் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு போட்டுட்டானே!

தீங்கில்லாததுதானே, போட்டால் என்ன என்று கேட்கிறவங்களுக்கு என் பதில் இதுதான். கேப்ஸ்யூலுக்குள்ள இருக்கிற பாக்டீரியா பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. அது கொடுக்கிற நிம்மதிதான் தீங்கு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறையறது, ராத்திரி தூக்கத்தில் எழுப்பற பேதி, ரத்தசோகை, விடாத காய்ச்சல், இதில் ஒண்ணு இருந்தாலும் போக வேண்டியது மெடிக்கல் ஷாப்புக்கு இல்லை, டாக்டர்கிட்ட. மத்தபடி வெறும் டீ குடிச்சு வயிறு உப்பினால், டீயைக் குறைங்க. அதுக்கு எந்த டிஸ்கவுன்ட் கோடும் தேவையில்லை.

பி.கு: "நீ எந்தக் கம்பெனிகிட்ட காசு வாங்கினே"ன்னு கேட்க வர்ற அனானி அண்ணாச்சிகளுக்கு: ஆவின் தயிர்கிட்ட. அதுவும் நான்தான் கொடுத்தேன், அவங்க கொடுக்கலை.